சாயம் ஏறாத ரத்தம்

ரேவதிக்கு அம்மா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்காக இந்தக் கடிதம் இல்லை. அதை நேற்றே போனில் விசாரித்துவிட்டேன். கால் வீங்குகிறதா, தூக்கம் வருகிறதா, குழந்தை நன்றாக உதைக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசினேன். ஏழு மாதமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இந்த உறையை நான் ஒட்டவில்லை, பார்த்திருப்பாய். உனக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும் உன் வீட்டுக்காரர் படிக்கட்டும், உன் மாமியார் படிக்கட்டும், உனக்குப் பிரசவம் பார்க்கப்போகிற டாக்டரம்மாவும் படிக்கட்டும். இத்தனை வருடம் ஒட்டி வைத்தது போதும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

முதலில் காரியம், பிறகு கதை. குழந்தை பிறந்ததும் இடது தோளில் ஒரு ஊசி போடுவார்கள். காசநோய் வராமல் இருக்கப் போடுகிற பி.சி.ஜி. ஊசி. உனக்குப் பிறப்பது பையனாக இருந்தால், அந்த ஒரு ஊசியை உடனே போடக் கூடாது. முதலில் அவன் ரத்தத்தை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். முடிவு வந்து, ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஊசி. இதைப் படிக்கிற வேறு யாராவது தங்கள் பிள்ளைக்கு ஊசி போடாமல் இருந்துவிட வேண்டாம். அது நல்ல ஊசி, எல்லாக் குழந்தைக்கும் போட வேண்டியது. நம் வீட்டு ஆண் குழந்தைக்கு மட்டும் கேட்டுவிட்டுப் போட வேண்டும். ஏன் என்று உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, அதனால் தெரியாது.

நேற்று நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். "அம்மா, டெலிவரி ராணிப்பேட்டையிலயே பார்த்துக்கலாம்னு அத்தை சொல்றாங்க. வளைகாப்பு முடிஞ்சு உன்கூட வந்தாலும் ஒரு மாசத்துல திரும்ப வந்துடணுமாம். பொறந்த அன்னிக்கே ஊசி, சொட்டு மருந்து எல்லாம் போட்டு அனுப்பிடுவாங்களாம். உனக்கு ஒரு பேஜாரும் இல்ல" என்றாய். நான் சரி சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் நான் வேறு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆம்பூருக்கு நீ பிரசவத்துக்கு வருவாய், நர்ஸம்மாவிடம் தனியாகப் பேசி ஊசியைத் தள்ளிப்போட வைக்கலாம், உனக்குத் தெரியாமலே குழந்தையின் ரத்தத்தை வேலூருக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிடலாம் என்று இருந்தேன். பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளையின் ரத்தத்தை எடுக்க நினைத்திருக்கிறேன் பார். பொய் சொல்லிப் பழகினவளுக்கு அடுத்த பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

உன் தம்பி முரளியை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. அவன் போனபோது உனக்கு ஏழு வயது, அவனுக்கு நாலு. அவன் கழுத்தில் இருந்த தழும்புகள் ஞாபகம் இருக்கும். அப்பாவும் அவனும் துண்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பார்களே, அதுவும் ஞாபகம் இருக்கும். துண்டின் ஒரு முனை அப்பா கையில், மறுமுனை அவன் கையில். நீ அதை ரயில் விளையாட்டு என்று நினைத்து, எனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று அழுவாய். அது விளையாட்டு இல்லை.

முரளிக்கும் பிறந்த உடனே அந்த ஊசி போட்டார்கள். மூன்றாவது மாதத்தில் இடது அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வீங்கி, உடைந்து, சீழ் வந்து, ஆறவே மாட்டேன் என்றது. அது ஆறுவதற்குள் கழுத்தில் ஒன்று. பிறகு பின்பக்கம் ஒன்று. ஒன்றைக் கீறி மருந்து வைத்துக் கட்டினால் இன்னொன்று கிளம்பும். கீறும்போது அவன் கையை நானும் காலை ஒரு ஆயாம்மாவும் பிடித்துக்கொள்வோம். ஒன்றரை வயதிலேயே அவனுக்கு ஆஸ்பத்திரி வாசனை வந்தால் என் ஜாக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத் தெரிந்துவிட்டது. நம் ஊரில் ஒரு பிள்ளைக்குக் கட்டி வந்தால் யாரும் யோசிப்பதில்லை, எல்லார் வாயிலும் தயாராக ஒரு பதில் இருக்கும்: தோல் ஷாப்புத் தண்ணி. தோல் பதனிடுகிற கழிவு கிணற்றில் இறங்கிவிட்டது, காற்றில் கலந்துவிட்டது, வேலை செய்கிறவன் உடம்போடு வீட்டுக்கு வருகிறது. அந்தத் தண்ணீர் செய்த கெடுதல் உண்டுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முரளியின் கட்டிக்கு அது காரணம் இல்லை.

அப்போது அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. ஊறின தோலைக் கையால் இழுத்துப் போட வேண்டும். சுண்ணாம்பு அரித்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். முரளிக்கு மூன்றாவது கட்டி வந்ததும் யாரோ சொன்னார்கள், "வேலை செய்ற கையோட கொழந்தயத் தூக்காதே மாமா" என்று. அன்றிலிருந்து ஆரம்பித்தது. ஷாப்பிலேயே குளிப்பார். வாசல் குழாயில் மறுபடியும் குளிப்பார். உடுப்பை வெளியிலேயே கழற்றிப் போடுவார். சிவப்பு சோப்பைத் தேய்த்துத் தேய்த்து கை வெளுத்துப் போகும். அத்தனை கழுவியும் குழந்தையைத் தொட மாட்டார். பிறகு வேலையையே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாகப் போனார். அப்போதும் தொடவில்லை. "உள்ள ஊறிப்போச்சுடி. கழுவினா போவாது" என்பார். முரளி நடக்கத் தொடங்கி, அப்பா கையைப் பிடிக்க ஓடி வந்தபோதுதான் தோளில் இருந்த துண்டின் முனையை நீட்டினார்.

முரளிக்கு மூன்று வயது முடிந்தபோது கல்லீரலில் கட்டி என்று வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேதான் கண்டுபிடித்தார்கள். ஒரு இளம் டாக்டர், பொறுமைசாலி. ரத்தத்தில் ஒரு சாயம் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். "ரத்தத்துல கிருமியைப் பிடிச்சு முழுங்கற செல் இருக்கும்மா. நம்ம எல்லாருக்கும் முழுங்கும், கொன்னுடும். உங்க பையனுக்கு முழுங்குது, கொல்லத் தெரியல. கிருமி உள்ளேயே உயிரோட உட்கார்ந்துக்குது. அதனாலதான் கட்டி கட்டியா வருது" என்றார். கொல்லத் தெரிந்த செல்லில் அந்தச் சாயம் நீலமாக மாறுமாம். முரளியின் ரத்தத்தில் ஒன்றுகூட மாறவில்லை. அப்புறம் என் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். பாதி நீலமாகியிருந்தது, பாதி மாறவே இல்லை. எனக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள் நான். சாயம் திட்டுத்திட்டாக ஏறின தோலை ஒரு நாளைக்கு எத்தனை பார்க்கிறேன்!

டாக்டர் சொன்னார், "இது அம்மா வழியா ஆம்பளப் பசங்களுக்கு வர்றது. பொண்ணுங்களுக்குப் பெரும்பாலும் நோயா வராது, ஆனா அவங்க மூலமா அடுத்த தலைமுறைக்குப் போகலாம். உங்க தப்பு எதுவுமே இல்லம்மா." என் அம்மாவுக்கு எனக்கு முன்னும் பின்னும் பிறந்த இரண்டு பையன்கள் ஒரு வயது தாண்டவில்லை என்பது அப்போது எனக்கு மின்னலாக ஞாபகம் வந்தது. டாக்டர் மாத்திரைகள் எழுதினார், தினமும், ஒரு நாளும் விடாமல். அப்புறம் ஒரு எச்சரிக்கை: "மக்கின வைக்கோல், எரு, இலைக்குப்பை, கட்டடம் இடிக்கற தூசி, இது பக்கத்துல மட்டும் விடவே விடாதீங்க. பாக்டீரியா மட்டுமில்ல, பூஞ்சையும் இவனுக்கு ஆகாது." கடைசியில், "நாளைக்கு உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேரையும் உட்கார வெச்சுச் சொல்றேன். பொண்ணுக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துடலாம்" என்றார். பொண்ணு என்றது உன்னை.

வார்டுக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். அப்பா கேட்டுக்கு வெளியே மத்தியான வெயிலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "இன்னா சொன்னாரு டாக்டரு? தோல் ஷாப்புத் தண்ணியாலதானே? என் கையாலதானே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவ்வளவுதான், ரேவதி. ஒரு தலையாட்டல். வாயைத் திறந்துகூட நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அது நான் செய்ததிலேயே பெரிய பாவம். ஏன் செய்தேன் என்று கேட்டால், பயம். என் மாமியார் முரளிக்கு முதல் கட்டி வந்தபோதே, "ஆம்பளப் புள்ள தங்காத வீட்ல பொண்ணு எடுத்துட்டோம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்ல ஆரம்பித்திருந்தார். டாக்டரே அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் என்னை எங்கே வைப்பார்கள்? அந்த நிமிடம் அதுதான் மனதில் ஓடியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் டாக்டரிடம், அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். அதற்கு மறுநாள் டிஸ்சார்ஜ். உன் ரத்தத்தைப் பார்க்க உன்னை நான் கூட்டிப்போகவே இல்லை.

மாத்திரையில் முரளி தேறினான். எட்டு மாதம் ஒரு கட்டியும் இல்லை. கன்னம் வைத்தது. பஸ் மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றுவான், நீ கண்டக்டர். இப்போது நினைத்தாலும் அந்த எட்டு மாதம் எனக்குப் பொன்னான காலம். அப்போதுதான் அப்பா சொன்னார், "இந்த ஊர்த் தண்ணியே வேணாம். நெமிலியில அக்கா வூட்ல கொஞ்ச நாளு இருக்கட்டும். வயக்காடு, நல்ல காத்து. இங்கேயே வெச்சிருந்தா மறுபடியும் வந்துடும்." அவர் நினைத்ததில் என்ன தவறு? தோல் தண்ணீர்தான் நோய் என்றால், தோல் இல்லாத ஊர்தானே மருந்து? "டாக்டர் வைக்கோல் பக்கமெல்லாம் விட வேணாம்னாருங்க" என்று இழுத்தேன். அவர் சிரித்தார். "வைக்கோல் இன்னாடி பண்ணும்? அது இன்னா தோல் தண்ணியா?" என்றார். அங்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் முன்னால் தலையாட்டினது பொய் என்று சொல்ல வேண்டும். பத்து நாள்தானே, நெமிலி அத்தையிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு அவன் துணிமணியை மடித்துப் பையில் வைத்தேன். மாத்திரையை மறக்காமல் வைத்தேன். மாத்திரையில் நான் எப்போதும் ஒழுங்கு.

மழையில் நனைந்த பழைய வைக்கோல் போரைப் பிரித்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். நாலு வயதுப் பிள்ளையிடம் வைக்கோலில் குதிக்காதே என்று யார் சொல்வார்கள், எதற்காகச் சொல்வார்கள்? அன்று முழுக்கக் குதித்து உருண்டு விளையாடினானாம், அவ்வளவு சிரிப்பாம். அத்தை இதைச் சந்தோஷமாகப் போனில் சொன்னார். ஐந்தாம் நாள் காய்ச்சல், ஆறாம் நாள் மூச்சு இழுப்பு. வேலூருக்குக் கொண்டுவந்தபோது எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாக இருந்தது. அந்த டாக்டர் என்னிடம், "வைக்கோல் பக்கம் போனானா?" என்று ஒன்றுதான் கேட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நாலு நாள் எல்லாம் செய்து பார்த்தார்கள். அவனை வேனில் ஏற்றும்போதுகூட அப்பா கிட்டே வரவில்லை. துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு தள்ளி நின்றார்.

இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? முன்னால் சொல்லியிருந்தால் அவமானம் மட்டும்தான். இப்போது சொன்னால், பிள்ளையைக் கொன்றது யார் என்ற கேள்வி வரும். மூடிவிட்டேன். டாக்டர் கொடுத்த காகிதத்தை பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். உனக்கு அடிக்கடி வாய்ப்புண் வருமே, வெயிலில் போனால் முகம் சிவந்து தடிக்குமே, உடம்பு சூடு என்று சொல்லி வாரம் இரண்டு நாள் மணத்தக்காளிக் கீரை கடைந்து கொடுத்தேன். இதைச் சுமக்கிற பெண்களுக்கு அப்படி வரலாம் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். உன்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் மாமியார், "பையன் எப்படிங்க தவறினான்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். காய்ச்சல் என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், தன் குற்றத்தை நான் மறைத்துக் காப்பாற்றுவதாக நினைத்து. அன்று அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீ என்னை மன்னித்திருக்க மாட்டாய். சம்பந்தியம்மா, இதை நீங்களும் படிக்கிறீர்கள் என்றால், அன்றைக்கு உங்களிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. கோபத்தை என்மேல் காட்டுங்கள். ரேவதிக்கு எதுவும் தெரியாது.

செக்கிங் டேபிளில் நான் பொல்லாதவள் என்று பேர். புதிதாக வந்த பெண்கள் குறையைக் கண்டும் காணாததுபோல் அடுத்த லைனுக்குத் தள்ளிவிட்டால் சத்தம் போடுவேன். இங்கேயே மார்க் போட்டால் ஒரு துண்டு தோல் போகும், தைத்து முடித்த பிறகு தெரிந்தால் முழு ஷூவும் போகும் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமைகூட ஒருத்தியை அழ வைத்துவிட்டேன். வெளியே இவ்வளவு நியாயம் பேசுகிறவள், என் வீட்டுக் குறையை இருபது வருடம் கையால் மூடிக்கொண்டு, இப்போது உன் குழந்தை வரைக்கும் தள்ளிவிட்டிருக்கிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. உனக்கு எழுதுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் முடிவு செய்தேன். அப்பா வாசல் குழாயில் தக்காளி கழுவிக்கொண்டிருந்தார். அவர் எதைக் கழுவினாலும் எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். பக்கத்தில் போய் நின்று காகிதத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நெமிலியைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ, கூட்டிப்போனது நான்தானே என்று உடைந்துவிடுவாரோ என்று பயந்து, நானே முந்திக்கொண்டு, "கூட்டிட்டுப் போனது நீங்க, ஆனா தெரிஞ்சே பையில துணி வெச்சது நான்" என்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் குழாயை மூடினார். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார், "அப்படின்னா, நான் அவனத் தூக்கியிருக்கலாமா?"

தூக்கியிருக்கலாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் மத்தியானச் சோற்றையும் தொடவில்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் நின்று, "எழுதிட்டியா? தபால்ல போடாத, லேட்டாய்டும். நானே பஸ் ஏறிக் குடுத்துட்டு வர்றேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்ப்போம்.

இப்போது உன் காரியம். பயப்படாமல் கேள். இதை நீ சுமக்கிறாயா என்பது சரிபாதிதான், சுமக்காமலும் இருக்கலாம். சுமந்தாலும் பையனுக்கு வருவது பாதிக்குப் பாதி. பிறப்பது பெண்ணாக இருந்தால் இந்த நோய் அவளைப் பெரும்பாலும் அண்டாது. இந்த வாரமே உன் டாக்டரம்மாவிடம் இந்தக் கடிதத்தையும் உள்ளே வைத்திருக்கிற அந்த டாக்டர் காகிதத்தின் ஜெராக்ஸையும் காட்டு. உன் ரத்தத்தை முதலில் பார்க்கச் சொல். வளைகாப்புக்குக் காத்திருக்காதே, வளையல் எங்கேயும் ஓடிவிடாது. முரளி காலம் மாதிரி இல்லை இப்போது. பிறந்த உடனே தெரிந்துகொண்டு தினமும் மருந்து கொடுத்து ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டால் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள், எலும்பு மஜ்ஜை மாற்றிக் குணமாக்கவும் வழி இருக்கிறது என்கிறார்கள். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. யாராவது உன்னை ஒரு வார்த்தை சொன்னால், இது யார் செய்த தப்பும் இல்லை என்று அந்த டாக்டர் எனக்குச் சொன்னதை நீ சத்தமாகச் சொல். நான் அன்றைக்குச் சொல்லத் தவறிய வாக்கியம் அது. என்மேல் கோபம் இருந்தால் என்னோடு பேசாமல் இரு, எத்தனை மாதம் வேண்டுமானாலும் இரு. ஆஸ்பத்திரிக்குப் போவதை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதே.

இன்னும் ஒன்று. எனக்காக இல்லை. குழந்தை பிறந்ததும், ஆணோ பெண்ணோ, முதலில் அப்பாவிடம் கொடு. அவர் பின்னாலேயே நகர்ந்து போவார், கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்பார். போகவிடு, கழுவட்டும். இரண்டாவது தடவை குழாய்ப் பக்கம் திரும்பினால், "ஒரு தடவை கழுவினா போதும்பா" என்று சொல். அவர் தோளில் கிடக்கிற துண்டை நீ வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளையை அவர் வெறுங்கையில் வை.

அம்மா